மந்திரிக்கு விளம்பிய இலை

அத்தை கத்தரிக்கோலை எடுத்தால் ஜாக்கெட் வெட்டத்தான் என்று வீட்டில் நினைத்திருந்தார்கள். அப்பாவின் தங்கை அவள். எங்கள் ஊர் தமிழ்நாட்டோடு சேர வேண்டுமென்று ஊர்வலம் போன மாமாவைப் போலீஸ் சுட்டுக் கொன்ற பிறகு, எங்களோடு வந்து இருந்தாள். அழவே மாட்டாள். எனக்கு அதுதான் பயம்.

ஒரு நாள் மரச்சீனிக் கிழங்கு மாவில் பசை காய்ச்சி, அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் பள்ளிக்கூடம் போகும்போது சந்தைச் சுவருக்கு முன்னால் ஒரே கூட்டம். மாமாவின் ஊர்வலத்தைச் சுடச் சொன்ன மந்திரி, பத்திரிகையிலிருந்து வெட்டிய படமாக, சுவரில் ஒட்டிய ஒரு தாளில் பந்திக்கு உட்கார்ந்திருந்தார். முன்னால் பச்சைக் காகிதத்தில் வாழையிலை. தூரத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். கிட்டே போனவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். இலையில் சோறு கறிக்குப் பதில் விளம்பியிருந்தவை முகங்கள். எல்லாம் அத்தையின் கல்யாணப் போட்டோவில் இருந்தவர்கள். பத்திரிகைகளில் மந்திரிமார் முகம்தானே வரும், எங்கள் முகத்துக்கு அவள் வேறெங்கே போவாள்? உப்பு வைக்கும் மூலையில் அப்பா. துவட்டலுக்கும் அவியலுக்கும் உரிய இடங்களில் சித்தப்பாமாரும் சித்திமாரும். நடுவில், சோறு விளம்பும் இடத்தில், மாமா.

போலீசுக்கு வீட்டைக் கண்டுபிடிக்க என்ன கஷ்டம்? அந்த முகங்களெல்லாம் எங்கள் தெருவில் நடமாடிக்கொண்டிருந்தவைதானே. ஏட்டு தாளைக் கிழித்துக்கொண்டு வந்து நீட்டினார்.

"ஆராடா இது செய்தது?"

அத்தை வாசலுக்கு வந்தாள். அப்பா அவளைத் தள்ளிவிட்டு முன்னால் போனார்.

"நானாக்கும் ஒட்டினேன். அவளுக்கு என்ன தெரியும்?"

அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

அவர் திரும்பி வந்தபோது வலது கை விரல்கள் மடங்கவில்லை. பிடித்து நிமிர்த்தவும் முடியவில்லை. அத்தைதான் சோறு பிசைந்து ஊட்டினாள். இரண்டு உருண்டை கொடுப்பதற்குள் தலையிலடித்துக்கொண்டு அழுதாள். அத்தனை நாள் அடக்கியதெல்லாம் அன்று வந்தது. "சும்மா இரு பிள்ளே," என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார்.

நானோ அவளுடைய பெட்டியைத் திறந்து அந்தப் போட்டோவைத் தேடி எடுத்தேன். தலை இருந்த இடமெல்லாம் ஓட்டை. அம்மா மடியில் நான் மட்டும் முழுசாக இருந்தேன்.

"என்னை மட்டும் ஏன் அத்தே வெட்டல்ல?"

"நீ அந்த எலைக்கு வேண்டாம் மக்கா," என்றாள்.

அத்தைக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று சொல்லி, அன்று முழுக்க அம்மாவிடம் அழுதேன்.