தாய்ப்பால் டீயில் நான் கலந்த இலை

ஏற்காட்டில் ஏரிக்குப் போகும் ரோட்டில் ஒரு மூலிகைக் கடை. ஆறு வருஷம் அதன் பின்னறையில் பொட்டலம் போட்டேன். முன்னால் நின்று விற்கச் சொன்னால் எனக்கு நாக்கு எழாது. பின்னறையில் மூன்று டிரம் மூலிகை டீ இருக்கும்: சளிக்கு ஒன்று, உடம்பு இளைக்க ஒன்று, தாய்ப்பால் சுரக்க ஒன்று. இளைக்கிற டீயில் பேதியாக்கும் நிலாவரை இலை உண்டு. சீசன் முடிந்து அது விற்காமல் நின்றால், தாய்ப்பால் டிரம்மில் கொட்டிக் கலக்கச் சொல்வார் முதலாளி.

"பச்சப் புள்ளக்காரிங்க குடிக்கறதுங்களே" என்று ஒருமுறை முனகினேன்.

"மூலிகைய்யா. எல என்ன பண்ணிப்போடும்? கலக்கு."

கலக்கினேன். அந்த ஆளை நினைத்தால் இன்றைக்கும் வாய் கசக்கிறது. கலக்கிய என் கையை நினைத்தாலும் அப்படித்தான்.

மருமகள் மூன்று மாதக் கைக்குழந்தையோடு தாய் வீட்டிலிருந்து கரடியூரில் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். பால் பத்தவில்லை என்று யாரோ சொல்ல, மகன் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் தாய்ப்பால் டீ ஒரு பொட்டலம் வாங்கி வந்தான். ஸ்டிக்கர் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. எனக்குப் பெருவிரல் சரியாக மடங்காது. நான் ஒட்டினால் அப்படித்தான் சாயும். எங்கள் டிரம் சரக்குதான், நிலாவரை கலந்தது.

மாமனார் போய் மருமகளிடம் பால் பேச்சு எடுப்பதா? எனக்கு உடம்பு கூசியது. மனைவியிடம் மட்டும், "அது வேண்டாம்" என்றேன்.

"ஏனுங்க, நீங்க பொட்டலம் போடற சரக்குதானுங்களே? வெளியாளுக்கு ஆவும், நம்மூட்டுக்கு ஆவாதா?"

அதற்குப் பதில் சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். பொட்டலத்தைப் பரண் மேல் போட்டேன். மறுநாளே மனைவி இறக்கிவிட்டாள். மருமகளுக்கு வேளைக்கு ஒரு டம்ளராகப் போட்டுக் கொடுத்தாள். ஐந்தாம் நாள் குழந்தைக்குத் தண்ணீராகப் போக ஆரம்பித்தது. இரண்டு நாளில் அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா, "நீ என்னம்மா புதுசா சாப்பிடற?" என்று கேட்க, மருமகள் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். நர்ஸம்மா பின்பக்கத்தைப் படித்தார். சோம்பு, வெந்தயம், தண்ணீர்விட்டான் கிழங்கு. "இதுல பேதிக்கு ஒண்ணுமில்லையே" என்று மேஜைமேல் வைத்தார்.

நான் வாசற்படியில் நின்றிருந்தேன். உள்ளே எல்லாரும் பால் கொடுக்கும் பெண்கள்.

"அதுல நிலாவரை இருக்குங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தானுங்க கலந்தேன்."

"பெரிய மனுசன்தானா நீங்க? இத்தன பொம்பளைங்க வாயில ஊத்தறோம்னு தோணல?" என்று நர்ஸம்மா கத்தினார். எத்தனை பெண்களோ, எனக்கே தெரியாது. டாக்டர் வந்து பார்த்தார். அந்த இலையாக இருக்கலாம், டீயை உடனே நிறுத்து, பாலை மட்டும் நிறுத்தாதே, எந்த மூலிகையானாலும் கேட்காமல் குடிக்காதே என்று மருமகளிடம் சொன்னார். குழந்தையை இரண்டு நாள் அங்கேயே வைத்திருந்தார்கள். தேறியது.

திரும்பும் பஸ்ஸில் மருமகள் கேட்டாள். "ஏனுங் மாமா, அன்னைக்கே தெரியுமுங்களா?"

"தெரியும் சாமி." பெற்ற பெண்ணைப்போல அவளைச் செல்லமாக அப்படித்தான் கூப்பிடுவேன்.

"சாமின்னு சொல்லாதீங்க."

மறுநாள் கடையில் நடந்ததைச் சொல்லி, இனி தாய்ப்பால் ஸ்டிக்கர் ஒட்டமாட்டேன் என்றேன். "மருமவ பாலுக்கு மாமனாரு பஞ்சாயத்தா?" என்று முதலாளி சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். முன்னால் ஒரு பெண், தோளில் குழந்தையோடு, அதே பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எப்படிப் போனேன் என்று தெரியவில்லை. "வேண்டாங்கம்மா, வெச்சிருங்க" என்றேன். முதலாளி என் சட்டையைப் பிடித்து ரோட்டில் தள்ளினார்.

இப்போது எஸ்டேட்டில் மிளகு பறிக்கிறேன். அந்தப் பொட்டலம் இன்னும் விற்கிறது, ஸ்டிக்கர் நேராக இருக்கிறது. கடையிலிருந்து எது வந்தாலும், பொடியோ மருந்தோ, மருமகள் என் முன்னால் தொப்பென்று வைக்கிறாள். "இதுல என்ன இருக்குதுங்க?" தெரிந்தால் சொல்கிறேன். தெரியாவிட்டால் தெரியாது என்கிறேன். எங்களுக்குள் வேறு பேச்சில்லை.