நான் போகாத மொர்வினியாக்

பிரான்ஸ் நாட்டில் நான் இருந்தது மொத்தம் நாலு மணித்தியாலம். அதிலும் மூன்றரை மணித்தியாலம் ரயிலில் வாயைத் திறந்தபடி நித்திரை. அப்படிப்பட்டவன் எழுபதுகளின் நடுவில், ரொறன்ரோவில், ஒரு நேர்முகத்தில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "பிரெஞ்சுக் கிராமம் ஒன்றில் ஆறு மாதம் தங்கியிருந்தேன்" என்றேன். ஒரு வருடம் என்றால் பிரெஞ்சு பேசிக் காட்டச் சொல்வார்கள் என்ற முன்யோசனை அந்த ஆறு மாதம்.

நீங்கள் நம்பப் போவதில்லை, பரவாயில்லை. நானே இப்படியானவற்றை நம்புகிற ஆள் இல்லை. யாழ்ப்பாணத்தில் புவியியல் படிப்பித்தவன். சமவுயரக் கோட்டுக்கு வெளியே எதையும் ஏற்றுக்கொண்டதில்லை.

வேலை கிடைத்துவிட்டது. நகரின் கிழக்கே வெக்ஸ்போர்ட்டில் ஒரு தளபாடக் கடையின் மேல்மாடியில் பள்ளிப் பாடநூல் தயாரிக்கும் சின்ன நிறுவனம். அதுவரை பிறம்ரனில் பண்டகசாலையொன்றில் பெட்டி தூக்கியவனுக்கு மேசை, கதிரை, சொந்தமாக ஒரு பென்சில் கூராக்கும் இயந்திரம். என் மனைவி சரோ அன்றைக்கே ஊரில் உள்ள எல்லாருக்கும் வான்கடிதம் எழுதி முடித்துவிட்டாள். இனிப் பெட்டிக்குத் திரும்ப முடியாது.

முதல் வாரமே பதிப்பாசிரியை டொரத்தி சொன்னார்: "நீங்கள் இருந்த கிராமத்தையே எழுதுங்கள். நிலம், வரலாறு, வாழ்க்கை. பத்துப் பக்கம்."

இருந்தால்தானே எழுதுவதற்கு. பஸ்ஸில் போகும்போது மொர்வினியாக் என்று ஒரு பெயர் கட்டினேன். நான் பொறுப்பான பொய்யன். நூலகத்துப் பெரிய அட்லஸின் பெயர்ப்பட்டியலில் தேடி, அப்படியொரு ஊர் இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் எழுதத் தொடங்கினேன். சுண்ணாம்புக்கல் நிலம், ஊரை வளைத்து ஓடும் ஆறு, ஒற்றைப் பாலம், போரில் செத்தவர்களின் பெயர் வெட்டிய தூண். இதெல்லாம் புத்தகங்களைப் பார்த்து எழுதிவிடலாம். 'வாழ்க்கை' என்ற தலைப்பில்தான் பேனை நின்றுவிட்டது. கடைசியில் கைகொடுத்தது மாமனாரின் வேலி வழக்கு. ஆண்டுதோறும் வேலியடைக்கும்போது கதியால் தடிகளைச் சாண் சாணாக நகர்த்திய அவருடைய தமையன், அதனால் அங்கால் பக்கம் போய்விட்ட முருங்கைமரம், இருபது வருட நீதிமன்ற அலைச்சல். கதியாலைப் பச்சை வேலியாக்கினேன், முருங்கையைப் பேரிமரமாக்கினேன், அண்ணன் தம்பி பேசாமல் தேவாலயத்தில் ஒரே வாங்குப் பலகையில் இருந்தார்கள் என்று முடித்தேன். இடம் மிஞ்சியதால் தேவாலயக் கோபுர மணிக்கூடு இருபது நிமிடம் பிந்தி ஓடுகிறது என்றும் சேர்த்தேன். அன்றைக்கு என் கைக்கடிகாரம் பிந்தி, பஸ்ஸைத் தவறவிட்ட எரிச்சல். வசந்தத்தில் வெள்ளம் வந்து பாலத்தை அடித்துப் போகிறது என்று ஒரு பக்கம் எழுதினேன். பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று டொரத்தி அதை மட்டும் எடுத்துவிட்டார். இதெல்லாம் நவம்பரில்.

பெப்ரவரியில் டொரத்தி என் மேசைக்கு வந்தார். "மதாம் லெனார் என்று ஒரு பழைய பிரெஞ்சு ரீச்சர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். கொண்டுபோய்க் காட்டுங்கள். அவர் சரி என்றால் அச்சுக்குப் போகும். இல்லையென்றால் பேசுவோம்."

'பேசுவோம்' என்றால் எனக்குத் தெரியும். பிறம்ரன்.

பின்னேரம் மூன்று மணி, வெளியே வெள்ளை வெயில். பனிச் சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு, ஓட்டைக் காலுறையுடன் அவருடைய கூடத்தில் இருந்தேன். அவர் ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்து வாசித்தார். நான் மனதுக்குள் மன்னிப்பு வசனங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். வேலிப் பக்கத்தில் விரல் நின்றது.

"எந்த வீட்டில் தங்கினீர்கள்?"

"பாலத்தடியில்... நீல ஜன்னல் வீடு." வாயில் வந்தது அதுதான்.

"அது என் பெரியம்மா வீடு" என்றார். "இந்த வேலிக்காரரில் தம்பி என் அப்பா. சாகும்வரைக்கும் அந்தப் பேரிக்காய் அவருக்குக் கிடைக்கவில்லை."

எனக்கு உடம்பு குளிர்ந்தது. ஹீற்றர் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது, அதையும் சொல்லவேண்டும். வேலை போனாலும் போகட்டும் என்று வாயைத் திறந்தேன். "மதாம், நான் அங்கே போனதே இல்லை. எல்லாம் நானாக எழுதியது."

நம்பினால் நம்புங்கள், வாழ்க்கையில் நான் அவ்வளவு நேர்மையாக இருந்தது அந்த ஒருமுறைதான். அவர் சிரித்தார், அடக்கமான மனிதரைப் பார்த்துச் சிரிப்பதுபோல. "அங்கே இருந்திராதவருக்கு அந்த வாங்கு எப்படித் தெரியும்? ஒரு பிழைதான். மணிக்கூடு என் காலத்தில் சரியாகத்தான் ஓடியது. ஊரில் இருக்கிற என் மச்சாளுக்கு எழுதிக் கேட்கிறேன்." கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

நேரே நூலகத்துக்குப் போனேன். அதே அட்லஸ், அதே பெயர்ப்பட்டியல். மொர்வினியாக் இருந்தது, இரண்டு பெயர்களுக்கு நடுவில், எப்போதும் இருந்ததுபோல. என் கண்ணாடி பழசு என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஏப்ரலில் மதாம் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தார். மச்சாளின் பதில் வந்துவிட்டதாம். மணிக்கூடு இருபது நிமிடம் பிந்தித்தான் ஓடுகிறது. இரண்டு முறை ஆள் வந்து பார்த்தும் பழுது பிடிபடவில்லை. "நீங்கள் சொன்னதுதான் சரி" என்றார். "ஆனால் ஒன்று. அது பிந்தத் தொடங்கியது போன நவம்பரில் என்று எழுதியிருக்கிறாள். நீங்கள் எப்போது அங்கே இருந்தீர்கள்?"

லைன் சரியில்லை என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன்.

புத்தகம் வந்தது, வேலையும் நிலைத்தது. டொரத்தி எடுத்துவிட்ட அந்த வெள்ளப் பக்கம் மட்டும் இன்னும் என் மேசை லாச்சிக்குள் இருக்கிறது. இரண்டு வீடு மாறிவிட்டோம், அதுவும் கூடவே வந்தது. கிழித்தால் என்ன நடக்கும், வைத்திருந்தால் என்ன நடக்கும் என்று தெரியவில்லை. ஒவ்வொரு வசந்தத்திலும் பனி உருகத் தொடங்கினால் ஒருமுறை இழுத்துப் பார்க்கிறேன், மை கலங்கியிருக்கிறதா என்று.

இதையெல்லாம் ஒருநாள் சரோவிடம் முழுதாகச் சொன்னேன். பருப்பில் கல்லுப் பொறுக்கிக்கொண்டே கடைசிவரை கேட்டாள்.

"எழுதினா நடக்குமெண்டு தெரிஞ்ச மனுசன், எங்கட அப்பாவின்ர வேலியை ரெண்டு முழம் அங்கால தள்ளி எழுதியிருக்கலாமே" என்றாள். "பிரெஞ்சுக்காரற்ற மணிக்கூட்டைப் பழுதாக்கத்தான் உங்களுக்குத் தெரியும்."