வெட்டாமல் திருப்பிய சீலா

என் மனைவிக்கு முதலில் சுகர் வந்தது. பிறகு தைராய்டு. அதற்கும் பிறகு மேனி கறுத்து, உடம்பு இளைத்து, எழுந்தால் தலைசுற்றிச் சரிந்தாள். கல்லுப்பை எடுத்து வாயில் போட்டுக்கொள்வாள். உப்பளத்தில் வேலை பார்த்தவளுக்கு உப்பு ஆசை விடவில்லை என்று தெருப் பெண்கள் கேலி செய்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் டாக்டரம்மாதான் கண்டுபிடித்தார். மூன்றும் தனித்தனி நோய் இல்லையாம். உடம்பின் காவல் சக்தியே மாறிப்போய், சுரப்பிகளை ஒவ்வொன்றாகத் தாக்குகிறதாம். சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் சின்னச் சுரப்பியும் போய்விட்டது. அதற்கு ஸ்டீராய்டு மாத்திரை. ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது, காய்ச்சல் வந்தால் கூட்டிக் கொடுக்க வேண்டும் என்று எனக்குப் புரியும்வரை சொன்னார். கேஸ் தாளிலும் எழுதினார்.

டாக்டர் எழுதுவதை அந்த ஆஸ்பத்திரியில் மாடியில் ஒருவர் வாங்கி, ஒவ்வொரு நோய்க்கும் உரிய கோடு நம்பர் போட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார். இன்சூரன்ஸ்காரர்கள் அதைப் பார்த்துத்தான் பணம் தருவார்கள். அடுத்து வரும் டாக்டர் பார்ப்பதும் அதைத்தான். பல சுரப்பிகள் ஒன்றாகக் கெடுவதற்கென்றே தனிக் கோடு இருக்கிறதாம். அவர் அதைப் போடவில்லை. சுகர் ஒன்று, தைராய்டு ஒன்று என்று இரண்டோடு முடித்துவிட்டார். பழக்கமில்லாத கோடு போட்டால் இன்சூரன்ஸ்காரன் கேள்வி கேட்பான், ஃபைல் திரும்பி வரும். அந்த அலுப்பு அவருக்கு.

மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சலும் வாந்தியும் வந்து அதே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டரம்மா ஊரில் இல்லை. டூட்டியில் இருந்த டாக்டர் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தார். சுகர்காரிக்கு எதற்கு ஸ்டீராய்டு, இது சுகரை ஏற்றும் என்று மாத்திரையை நிறுத்தினார். நிறுத்தக் கூடாது என்று எனக்குத் தெரியும். சொன்னேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. மறுநாள் பிரஷர் பார்க்கிற கருவி எதுவும் காட்டவில்லை. கூப்பிட்டால் அவள் கண் திறக்கவில்லை. டாக்டரம்மா வந்து ஊசி போட்ட பிறகுதான் உயிர் திரும்பியது. அவர் திரையைத் திறந்து பார்த்துவிட்டு, நான் எழுதினது எங்கே என்று நர்ஸிடம் கத்தினார். மாடிக்குப் போய்த் திருத்தச் சொல்லுங்கள், நானும் எழுதி அனுப்புகிறேன் என்று என்னிடம் சொன்னார்.

போனேன். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் ஞாயிறுதோறும் என்னிடம் மீன் வெட்டிக்கொண்டு போகிறவர். என்னைவிட வயதில் சின்னவர்.

"அந்த ஃபைல் முடிஞ்சு போச்சுல. இனி தொட்டா ஆயிரம் கேள்வி வரும். ஆளு நல்லாத்தானே இருக்கா? பொறவு என்ன?"

மறுபடி போனேன், மறுபடியும் போனேன். டாக்டரம்மாவின் சீட்டு அவர் மேஜையில் கிடந்ததை நானே பார்த்தேன். அதன் மேல் டீ டம்ளர் வைத்திருந்தார்.

அதன்பின் என் கை மீனில் இருந்தாலும் நினைப்பெல்லாம் அவர்மேல்தான். அவர் மீனில் பித்தப்பையை உடைத்துவிட்டால் குழம்பு முழுக்கக் கசக்கும். அப்படியும் யோசித்தேன். சாப்பிடப் போவது அவர் பெண்டாட்டி பிள்ளைகளும்தான் என்று விட்டேன்.

திரேஸ்புரத்தில் நாங்கள் மீன் வெட்டுகிற வரிசையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் தள்ளிவிட்ட பையை வேறெவனும் தொடமாட்டான். கத்தி இருக்கிற இடத்தில் வாடிக்கைக்காகச் சண்டை வரக் கூடாது என்று வைத்துக்கொண்டது. நான் அதுவரை யாருடைய பையையும் தள்ளியதில்லை.

அவர் வீட்டில் புது மருமகனுக்கு விருந்து. முழுச் சீலா மீன் ஒன்றைப் பையில் கொண்டுவந்து என் வெட்டுக் கட்டைமேல் வைத்தார். நான் பையை அவர் பக்கம் தள்ளினேன். சிரித்துக்கொண்டே திரும்ப வைத்தார். மறுபடி தள்ளினேன். வரிசையில் கத்திச் சத்தம் நின்றது.

அவர் பக்கத்துக் கட்டைக்குப் போனார். அங்கிருந்தவன் தலை நிமிரவில்லை. அடுத்தவனிடம் கூலி கூட்டித் தருவதாகச் சொன்னார். அவன் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான். கடைசிக் கட்டையில் இருந்த மூத்தவர் மட்டும் வாய் திறந்தார்.

"அவன் பேசாத ஆளுய்யா. அவனே தள்ளுதாம்னா நீரு என்னமோ பெருசா செஞ்சிருக்கீரு."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பையிலிருந்து ஐஸ் தண்ணீர் அவர் பேன்ட்டில் சொட்டியது. கடைசியில் என் முன்னால் வந்து நின்றார்.

"என்ன அண்ணாச்சி வேணும் ஒங்களுக்கு?"

முதல் தடவையாக அண்ணாச்சி. நான் கையைக் கழுவிவிட்டுச் சொன்னேன். "எம் பொண்டாட்டிக்கு என்ன சீக்குன்னு டாக்டரம்மா எழுதுனாகளோ, அதைப் போடுங்க."

அவர் முழு மீனோடு போனார். என்னால் அன்று நன்றாகச் சாப்பிட முடிந்தது.

அந்த வாரமே திரையில் மாற்றிவிட்டார்கள். மாத்திரையை நிறுத்தக் கூடாது என்பதும் மேலேயே வந்தது. போன கோடையில் அவளுக்கு மறுபடி வாந்தி. டூட்டியில் இருந்தது வேறொரு சின்னப் பையன் டாக்டர். திரையைப் பார்த்ததும், நான் வாய் திறக்கும் முன்பே, ஊசி போடச் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவில் மனைவி கேட்டாள்.

"இனியாவது அந்த ஆளுக்கு மீன் வெட்டிக் குடுங்களேன். அவருதான் மாத்திட்டாருல்லா?"

மாற்றிவிட்டார்தான். ஆனால் கருவி எதுவும் காட்டாத அந்த நாள் அவளுக்கு ஞாபகத்தில் இல்லை. சில்லிட்ட பாதங்களைத் தேய்த்துக்கொண்டு நின்றவன் நான்.

அவர் இப்போது வெட்டத் தேவையில்லாத சின்னச் சாளை மீன் வாங்கிக்கொண்டு போகிறார். போன ஞாயிற்றுக்கிழமை என் கட்டைக்கு எதிரே கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். நான் அடுத்தவர் பையைக் கை நீட்டி வாங்கினேன்.