மகதலேனா அத்தையும் புரட்டிப்போட்ட அச்சும்

எங்கள் குடும்பப் பதிவில் மகதலேனா அத்தையின் திருமணம் ஒரே வரியில் அடங்கியிருக்கிறது: 1981 நவம்பர் 28, சனிக்கிழமை, காப்பாருக்கு அப்பால் ஒரு செம்பனைத் தோட்டத்துச் சிற்றாலயம், மணமகன் பேசில். அந்த வரி உண்மைதான், ஆனால் போதாது. உறவினர் வீடுகளில் சொல்லப்படும் கதையோ தேவைக்கு மேல் நீண்டுவிட்டது. மணப்பெண் பிரிக்பீல்ட்ஸிலிருந்து தோட்டம் வரை ஜீப்பைப் பின்னோக்கியே ஓட்டிச் சென்றாள் என்கிறார்கள். அது நடக்கவில்லை. தோட்டத்துச் சாலையில் மட்டுமே அப்படி ஓட்டினார். உண்மையில் நடந்ததே இவ்வளவு இருக்கும்போது கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

நான் அப்போது பினாங்கில் தேர்வு எழுதிக்கொண்டிருந்தேன். ஆகவே இது அத்தையும், என் தாய் செசிலியாவும், என் தந்தை இருதயமும் தனித்தனியே சொன்னவற்றிலிருந்து எழுதப்படுவது. மூவரும் ஒத்துப்போன இடங்களை அப்படியே எழுதுகிறேன். அப்பா மட்டும் சொன்னதை அப்பா சொன்னது என்றே குறிக்கிறேன்.

அத்தை ரயில்வே அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தார். மணமாகாமல் நாற்பதைக் கடந்து, பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் எங்களோடு வாழ்ந்தவர். ஏலத்தில் ஒரு பழைய ஜீப்பை வாங்கி, ஞாயிறுதோறும் எங்கள் பங்குக் கோயில் சபையினர் திரட்டிய துணிகளையும் பால் மாவையும் தோட்டங்களுக்குக் கொண்டுபோவார். அந்த ஜீப்பின் கிளட்ச் அவருடைய காலுக்கு மட்டுமே கட்டுப்படும். ஒரு தோட்டத்தில் டின் தகரம் அவர் விரலைக் கிழித்தபோது, அங்கே மருந்தகத்தில் டிரசர் எனும் மருத்துவ உதவியாளராக இருந்த பேசில் கட்டுப்போட்டார். அவர் மனைவியை இழந்தவர், அதிகம் பேசாதவர். காயம் ஆறிய பிறகும் கட்டு மாற்றுவதற்கு அத்தை மூன்று வாரம் போனார் என்பது அம்மாவின் குற்றச்சாட்டு. அத்தை அதை மறுக்கவில்லை.

திருமணம் முதலில் அக்டோபரில் குறிக்கப்பட்டது. பேசிலின் வயதான தாயால் பயணம் செய்ய முடியாது என்பதால் தோட்டத்துச் சிற்றாலயத்திலேயே வைத்துக்கொண்டார்கள். அன்று பெய்த மழையில் தோட்டத்துச் சாலை களிமண் குழம்பாகிவிட்டது. முதல் வளைவிலேயே ஜீப் அடிவயிறு வரை இறங்கி நின்றது. பல தோட்டங்களைச் சுற்றிவர வேண்டிய பாதிரியார் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். அத்தை பட்டுப்புடவையோடு வீடு திரும்பினார்.

அடுத்த தேதி நவம்பர் கடைசிச் சனிக்கிழமை என்று முடிவானது. அதற்கு மறுநாள், கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலம் தொடங்குகிறது. கிறிஸ்துமஸ் முடியும்வரை எங்கள் வழக்கத்தில் திருமணம் கிடையாது. அதைவிடக் கடுமையான தடை பேசிலின் அக்கா இராஜம்மாவிடமிருந்து வந்தது. பேசில் தோட்டத்து அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் அதைச் சொல் மாறாமல் ஒப்பித்தார்.

"அக்கா சொல்லுது, இந்தத் தடவையும் பொண்ணு வரலன்னா இதோட விட்டுடணுமாம். அந்தச் சேறே இந்தப் பொண்ணு வேணாங்குதாம். தோட்டத்துலயே ஆள் பார்த்துக்கலாமாம்." சற்று நின்று, "நீங்க வந்துடுவீங்கல்ல?" என்றார்.

"வந்துடுவேன்," என்றார் அத்தை. தொலைபேசியை வைத்துவிட்டு நேரே அப்பாவிடம் போனார். "அண்ணே, ஜீப்பைத் தூக்கணும்."

அப்பா ரயில்வே பட்டறையில் பெட்டிகளின் சக்கரங்களைப் பார்த்துக்கொண்ட ஃபிட்டர். இரும்பைக் கண்டால் அவருக்குப் பசி எடுக்காது. ஜீப்பின் கீழே படுத்துப் பார்த்துவிட்டு நோய் இன்னதென்று சொன்னார். பின்சக்கரங்களின் அச்சு, பட்டை பட்டையாக அடுக்கிய ஸ்பிரிங்கின் மேலே உட்கார்ந்திருந்தது. கீழே தொங்கிய ஸ்பிரிங்தான் சேற்றை உழுது வண்டியை நிறுத்தியது. அச்சை ஸ்பிரிங்குக்குக் கீழே கொண்டுபோய்விட்டால் ஸ்பிரிங் மேலேறிவிடும். வண்டியின் உடம்பும் உயரும். பெரிய டயர்களும் பொருந்தும். முன்பக்கத்தைத் தொட்டால் ஸ்டீயரிங் தகராறு செய்யும் என்பதால் பின்பக்கம் மட்டும் போதும் என்று தீர்மானித்தார்.

இதுவரை அவர் சொன்னதில் பிழையில்லை. ஆனால் ஸ்பிரிங் உட்காரும் இரும்புத் தட்டுகள் அச்சின் அடிப்பக்கத்தில் பற்றவைக்கப்பட்டிருந்தன. அவற்றை வெட்டியெடுத்து மேற்பக்கத்தில் மறுபடி பற்றவைக்க வேண்டும். நாளோ குறைவு. அப்பாவுக்கு அப்போது ஓர் எண்ணம் தோன்றியது. அதை அவர் கடைசிவரை மேதைமை என்றே அழைத்தார்.

"எதுக்கு வெட்டணும்? அச்சையே தலைகீழாப் புரட்டிப் போட்டா தட்டு தானா மேல வந்துடுது!"

ரயில் பெட்டியின் அச்சை எப்படித் திருப்பி வைத்தாலும் அது அதே அச்சுதான். முன்னும் பின்னும் அதற்கு ஒன்று. வாழ்நாளெல்லாம் அத்தகைய அச்சுகளோடு பழகியவருக்கு, இயந்திரத்தால் சுழற்றப்படும் அச்சு வேறு சாதி என்பது நினைவுக்கு வரவில்லை. ஜீப்பின் அச்சுக்கு நடுவிலுள்ள குண்டான உறைக்குள் ஒரு சிறு பல்சக்கரம், பக்கத்திலுள்ள கிரவுன் எனும் பெரிய பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது. உறையைத் தலைகீழாக்கினால் பெரிய சக்கரம் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறிவிடும். அப்போது ஜீப்பின் சக்கரங்கள் எதிர்த்திசையில் சுழலும்.

இதை அன்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. வண்டி உயர்ந்ததால் இயந்திரத்தையும் அச்சையும் இணைக்கும் தண்டு நீளம் போதவில்லை. கிள்ளானில் ஒரு கடைசல் பட்டறையில் அதை நீட்டி வாங்கி வந்தார்கள். அச்சுக்கு எண்ணெய் ஊற்றும்போதுதான் அம்மா ஒரு கேள்வி கேட்டார்.

"ஏங்க, ஊத்துற ஓட்டை இவ்வளவு கீழயா இருக்கும்? பாதி ஊத்துறதுக்குள்ள வழியுதே?"

"ஓட்டை எங்க இருந்தா என்னா? எண்ணெய் உள்ள போனா சரி லா."

வெள்ளிக்கிழமை மாலை பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, முதல் கியரைப் போட்டார்கள். சக்கரங்கள் வெண்ணெயாகச் சுழன்றன. அதிர்வு இல்லை, சத்தம் இல்லை. அப்பா காதை வைத்துக் கேட்டுவிட்டுக் கண்ணை மூடி ரசித்தார். அக்கம்பக்கத்தார் கைதட்டினார்கள். சக்கரம் சுழல்கிறதா என்று எல்லோரும் பார்த்தார்கள். எந்தப் பக்கம் சுழல்கிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை.

மறுநாள் காலை, தலையில் முக்காட்டு வலையும் கையில் பூச்செண்டுமாக அத்தை ஏறி அமர்ந்தார். பின்பக்கம் மட்டும் உயர்ந்திருந்ததால் ஜீப் நெல் கொத்தும் கோழிபோல மூக்கைத் தரையில் நீட்டி நின்றது. வாசலில் ஓட்டுநர் அய்யாவு தம் பேருந்தோடு காத்திருந்தார். சுங்கை வே தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றும் அந்தப் பேருந்தை உறவினர்களுக்காக அன்று வாடகைக்குப் பேசியிருந்தோம். அத்தை முதல் கியரைப் போட்டு கிளட்சை விட்டார். ஜீப் கம்பீரமாகப் பின்னோக்கிப் புறப்பட்டு, அம்மாவின் துணிக்கொடியை இழுத்துக்கொண்டு, பப்பாளி மரத்தில் முட்டி நின்றது.

"ரிவர்ஸ் போட்டுட்டே! இறங்கு, நான் காட்டுறேன்," என்று அப்பா ஏறினார். கியர்க் கம்பியை எல்லோருக்கும் தெரியும்படி முதல் இடத்தில் வைத்தார். இம்முறை பப்பாளி மரம் சாய்ந்தது.

பிறகு அப்பா ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே மெல்லச் சொன்னார்: "ஐயோ. கிரவுன் பக்கம் மாறிடுச்சு."

"அப்படின்னா?" என்றார் அத்தை.

"முன்னாடி போக ஒரு கியர். பின்னாடி போக நாலு."

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகைக்குப் பதிலாக வந்த சிரிப்பு என்று அவரே பிறகு சொன்னார். ஆனால் வந்தபின் அது நிற்கவில்லை, அம்மாவுக்கும் தொற்றியது, துணிக்கொடியைக் கழுத்தில் சுற்றியபடி அம்மா பப்பாளி மரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இத்தனை வருஷம் ரயில்வே!" என்றார் மூச்சு வாங்க.

"ரயிலு எந்தப் பக்கமும் ஓடும்டி!" என்றார் அப்பா, மானம் போன கோபத்தில்.

அத்தை சிரிப்பை நிறுத்தினார். "அண்ணே, அப்போ இதுவும் ஓடும். அய்யாவண்ணே, கயிறு இருக்கா?"

இப்படித்தான் மணப்பெண் தம் ஜீப்பின் ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்க, தொழிற்சாலைப் பேருந்து அதைக் கட்டியிழுத்துக்கொண்டு கூட்டரசு நெடுஞ்சாலையில் சென்றது. பேருந்தின் பின்கண்ணாடி முழுவதும் உறவினர் முகங்கள். சுபாங் அருகே மோட்டார் சைக்கிளில் வந்த போலீஸ்காரர் ஒருவர் அத்தைக்குப் பக்கமாக வந்து, "கவின் கா?" என்று, கல்யாணமா என மலாயில் கேட்டார். அத்தை பூச்செண்டை உயர்த்திக் காட்டினார். கல்யாணத்தைத் தடுக்கப் போலீஸ்காரருக்கு மனம் வரவில்லை போலும். கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

தோட்டத்துச் சந்திப்பில் பேருந்து நின்றது. அதற்கு மேல் அது போனால் கிறிஸ்துமஸுக்கும் அங்கேயே நிற்கும் என்றார் அய்யாவு. கயிற்றை அவிழ்த்து, எல்லோரும் சேர்ந்து ஜீப்பைத் தள்ளி, அதன் முதுகு தோட்டத்தைப் பார்க்கும்படி திருப்பி வைத்தார்கள். அம்மா பின்னிருக்கையில் மண்டியிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அவர்தான் இனி வண்டியின் கண். அப்பா முன்னிருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்து நேரே பார்த்தார். வந்த வழி முழுவதையும் தெளிவாகப் பார்த்தவர் அவர் ஒருவரே.

"இடது பக்கம் ஒடி!" என்று கத்தினார் அம்மா.

"உங்க இடதா, என் இடதா அண்ணி?"

"எனக்கே தெரியலடி!"

சாலையின் ஒரு பக்கம் கால்வாய், மறுபக்கம் செம்பனை மரங்கள். இடமும் வலமும் கைவிடப்பட்டன. அதன்பின் அம்மா "செம்பனை! செம்பனை! போதும், கால்வாய்! ஐயோ, இவ்வளவு கால்வாய் வேணாம்!" என்று கூவ, அத்தை கழுத்தைத் திருப்பிக்கொண்டு, வாயில் நுழைந்த முக்காட்டு வலையைத் துப்பியபடி ஓட்டினார். அக்டோபரில் அவர்கள் மாட்டிக்கொண்ட வளைவில் அன்று தோட்டத்து டிராக்டரே மாட்டிக்கொண்டு நின்றது. மணப்பெண்ணை அழைத்துவரப் பேசில் அனுப்பியது அது. அத்தை இரண்டாவது கியருக்கு மாற்றி அதைக் கடந்தார். ஸ்பிரிங் எதிலும் இடிக்கவில்லை. பெரிய டயர்கள் களிமண்ணைக் கவ்விக் கவ்வி ஏறின. டிராக்டர் ஓட்டி தொப்பியைக் கழற்றினார். அப்பாவும் பதிலுக்குத் தலை குனிந்து மரியாதையை ஏற்றுக்கொண்டார்.

சிற்றாலயத்தில் பாதிரியார் திருவுடையை மடித்துப் பையில் வைத்துவிட்டார். இராஜம்மா வாசலில் நின்று தம்பியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "நான் சொன்னேன்ல? வர மாட்டா." அப்போது செம்பனை வரிசைக்குள்ளிருந்து "கால்வாய்! கால்வாய்!" என்ற அலறல் கேட்டது. அதைத் தொடர்ந்து ஒரு ஜீப்பின் பின்புறமும், அதில் மண்டியிட்டுக் கையை விரித்த என் அம்மாவும் தோன்றினார்கள்.

பேசில் ஓடினார். அவர் ஓடியதை அதற்கு முன்போ பின்போ பார்த்தவர் இல்லை. நேரே மருந்தகத்துக்குள் புகுந்து, நோயாளிகளைத் தூக்கும் இரண்டு ஸ்ட்ரெச்சர்களை எடுத்துவந்து, ஜீப்பிலிருந்து கோயில் படிவரை சேற்றின்மேல் விரித்தார்.

இராஜம்மா இடுப்பில் கைவைத்து ஜீப்பை ஒருமுறை சுற்றி வந்தார்.

"என்னா பொண்ணு இது? வர்ற வண்டியா, போற வண்டியா? மூஞ்சி ரோட்டைப் பார்த்து நிக்குதே! வந்ததும் கிளம்பற திட்டமா?"

அத்தை ஸ்ட்ரெச்சரின்மேல் கால் வைத்து இறங்கினார். முக்காட்டு வலையைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "அக்கா, இந்த வண்டியில போறதுக்கு ஒரு கியர்தான் இருக்கு. வர்றதுக்கு நாலு இருக்கு."

இராஜம்மா அவரை உற்றுப் பார்த்தார். பிறகு சாய்ந்து நின்ற ஜீப்பைப் பார்த்தார். அதில் இன்னும் மண்டியிட்டபடியே இருந்த அம்மாவைப் பார்த்தார். சேறு படாமல் கம்பீரமாக எதிர்ப்பக்கம் பார்த்து அமர்ந்திருந்த அப்பாவைப் பார்த்தார். இராஜம்மாவின் வயிறு முதலில் குலுங்கியது. சிரிப்பு பிறகுதான் வெளியே வந்தது.

"சாமி!" என்று பாதிரியாரைக் கூப்பிட்டார். "பையைத் திறங்க. இவ்வளவு கஷ்டப்பட்டு முதுகைக் காட்டிக்கிட்டு வந்தவளை எப்படித் திருப்பி அனுப்புறது?"

உறவினர்கள் காலணிகளைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்துவந்து சேர்வதற்குள் மணவாக்குறுதி முடிந்திருந்தது. எனவே அவர்களுக்காக ஊர்வலம் மட்டும் எஞ்சியது. கோயிலிலிருந்து பேசிலின் வீடு வரை மணமக்களை ஜீப்பில் கொண்டுபோனார்கள். முன்னோக்கி. அந்த ஒரே கியரில் ஜீப் நடையளவுதான் நகரும். ஊர்வலத்துக்கு அதைவிடப் பொருத்தமான வேகம் கிடையாது. தோட்டத்து மேளக்காரர்கள் முன்னே சென்றார்கள். பிள்ளைகள் பம்பரைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். இராஜம்மா பின்னிருக்கையில் அம்மாவோடு அமர்ந்து, தேவையே இல்லாத இடங்களில் "செம்பனை! கால்வாய்!" என்று கூவிக்கொண்டே வந்தார். ஊர்வலத்துக்கென்றே இந்தக் கியர் அமைப்பைத் திட்டமிட்டதாக அப்பா சொன்னார். அப்பா மட்டும்தான் சொன்னார்.

புத்தாண்டு விடுமுறையில் அச்சைக் கழற்றி நேராகத் திருப்பி, தட்டுகளை வெட்டி முறைப்படி மேற்பக்கத்தில் பற்றவைத்தார்கள். அந்த ஜீப் பிறகு பல ஆண்டுகள் பேசில் மாமாவின் மருந்துப் பெட்டிகளையும், இரண்டு முறை பிரசவ வலி கண்ட பெண்களையும் சேற்றில் சுமந்தது. ஓட்டியவர் அத்தைதான். வீட்டுக்குத் திரும்பும்போது மட்டும், வாசலுக்குச் சற்று முன்பே வண்டியைத் திருப்பி, கடைசிக் கொஞ்ச தூரத்தைப் பின்னோக்கி ஓட்டிக்கொண்டு வருவார். நிறுத்துவதற்கு வசதி என்பார். பேசில் மாமா படியில் நின்று, "கால்வாய்! செம்பனை!" என்று குரல் கொடுப்பார். அந்த வீட்டின் முன் கால்வாயும் இல்லை, செம்பனையும் இல்லை. நான் நேரில் போய்ப் பார்த்திருக்கிறேன்.