ஸ்டீரிங் ஆடியது, பழி என் கைக்கு

போன வாரம் எங்கள் வீட்டில் ஒரு வழக்கு. குற்றவாளி நான். குற்றம் – கார் நேராக ஓடவில்லை.

பாலாவிச் சந்திக்குக் கொஞ்சம் முன்னால், எதிரே சீமெந்து லொறி. நான் நேராகத்தான் பிடித்திருந்தேன். கார் தானாக நடுக்கோட்டுப் பக்கம் சாய்ந்தது. ஸ்டீரிங்கைத் திருப்பினேன்... முதலில் சில்லுகள் அசையவே இல்லை. பிறகு ஒரேயடியாகத் திரும்பின! லொறிக்காரர் அடித்த ஹோர்னில் எனக்கு உயிர் போய் வந்தது.

பக்கத்தில் என் கணவர்.

"ஒங்கட கை சரியில்ல. நான் ஓட்டக்குள்ள இப்படி ஆடுறல்லயே?"

ஆடாதுதான். இவர் அதைப் பல வருடமாக ஓட்டுகிறார். கார் சாய்வதற்கு முன்பே கை தானாகத் திருத்திவிடும். திருத்துகிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. நானோ சில மாதங்களுக்கு முன்புதான் லைசன்ஸ் எடுத்தவள்.

கராஜுக்குப் போனோம். மெக்கானிக் காரை ஜாக்கில் தூக்கி, முன் சில்லுகளைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். எல்லாம் இறுக்கம். பிறகு என்னை விட்டுவிட்டு, இவரை அண்ணன் முறை வைத்து 'நானா' என்று கூப்பிட்டுக் கேட்டார்: "நானா, மெடம் புதுசா ஓட்டுறாங்களா?"

"ஓம்" என்றார் இவர். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டுக்கு வந்ததும் தீர்ப்பு. காரை விற்றுவிடுவதாம். சிலாபத்தில் ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறாராம், ஞாயிற்றுக்கிழமை வருவாராம். "ஒங்கள நான் பைக்கில கொண்டு போய் விடுறன்" என்று ஆறுதல் வேறு.

ஒரு பழைய காருக்கு இவ்வளவா என்று கேட்பீர்கள். அந்தக் காரில்தான் நான் எங்கள் ஊர் குறிஞ்சிப்பிட்டியை விட்டு முதல்முறை தனியாக வெளியே போனேன். பஸ்ஸுக்குக் காத்திருக்காமல், யாருக்கு நேரமிருக்கிறது என்று கேட்காமல், புத்தளத்துக்கு வேலைக்குப் போய் வந்தேன். அது இனி இல்லை என்றதும் அழுகை வந்தது. உள்ளதைச் சொல்கிறேன்.

சனிக்கிழமை சோறு வடிக்கும்போது ஒன்று தோன்றியது. ஜாக்கில் தூக்கினால் காரின் பாரம் சில்லில் இருக்காதே! ரோட்டில் ஆடுவதை, கார் தரையில் நிற்கும்போதல்லவா பார்க்க வேண்டும்?

"கீழ படுத்துப் பாருங்க. நான் ஸ்டீரிங்க ஆட்டுறன்."

"என்னத்துக்கு? நாளைக்கு ஆள் வரப்போகுது."

"ஒருக்காப் பாருங்களேன்!"

டோர்ச்சோடு படுத்தார். நான் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் ஸ்டீரிங்கை மெல்ல இடமும் வலமும் அசைத்தேன்.

"இன்னொருக்கா ஆட்டுங்க" என்றார். ஆட்டினேன். "இன்னொருக்கா..."

ஸ்டீரிங் ராக் – அதாவது நாம் திருப்புவதைச் சில்லுகளுக்குக் கொண்டுபோகும் நீள இரும்பு – சில்லைத் திருப்பாமல் முதலில் தானே அங்குமிங்கும் நகர்ந்ததாம். அதை இறுக்கிப் பிடிக்க வேண்டிய ரப்பர் புஷ்கள், தேத்தண்ணியில் ஊறிய பாண் துண்டு மாதிரிப் பொதபொதவென்று இருந்தனவாம்.

ரப்பர் ஏன் ஊறியது? இந்தக் கரையில் வாகனம் வைத்திருப்பவர்களுக்கு உப்புக் காற்றென்றால் பயம். துருப்பிடிக்காமல் இருக்கக் கழித்த பழைய எஞ்சின் ஒயிலை அடிப்பக்கம் முழுக்க அடிப்பார்கள். இவரும் மாதம் தவறாமல் அடிப்பார். மூலை முடுக்கெல்லாம் அடிப்பார். இரும்புக்கு அது மருந்து. ரப்பருக்கு விஷம்.

வெளியே வந்தார். முகத்தில் பாதி கறுப்பு.

"நான் அடிச்ச ஒயில்தான். ஒங்கட கையில ஒரு பிழையும் இல்ல."

கேட்பதற்கு நிறைய வைத்திருந்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் சிரிப்புத்தான் வந்தது. சிலாபத்துக்காரருக்கு அவரே கோல் எடுத்தார்: "கார் குடுக்கிறல்ல. வீட்டுல ஓட்டுறாங்க."

திங்கட்கிழமை கராஜில் அடிப்பக்கத்தைக் கழுவி, புது புஷ் மாட்டி, அலைன்மென்டும் பார்த்தார்கள். மெக்கானிக் சாவியை என்னிடமே நீட்டினார். நீங்களும் ஒயில் அடிக்கிறீர்களா? அடியுங்கள். ஆனால் ரப்பர் உள்ள இடங்களைப் பொலித்தீனால் மூடிவிட்டு அடியுங்கள்.

நேற்று இவரை ஏற்றிக்கொண்டு புத்தளம் போனேன். லொறிகள் வந்தன, போயின. கார் நேராகப் போனது. பக்கத்து சீட்டில் பிரேக் இல்லை என்பதை மட்டும் அவருடைய கால் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை!