பிரேக் என்கிட்ட இருக்கு

வலது கால் தானாகத் தரையை அழுத்துகிறது. மாஸ்டர் உட்கார்ந்திருப்பது வண்டியில் அல்ல, சாப்பாட்டு மேசையில். யார் கையோ பட்டு ஒரு டம்ளர் விளிம்பை நோக்கி நகர, அவர் கை நீளுவதற்குள் கால் முந்திக்கொண்டது. டம்ளர் விழுந்து உருண்டது. "அதான் பிரேக் போட்டாச்சே, அப்புறம் ஏன் விழுந்துச்சு?" என்று கேட்டுக்கொண்டே அவர் மனைவி தண்ணீரைத் துடைத்தார்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது மாஸ்டரின் தொழில். பக்கத்து இருக்கையில் அமர்ந்து, தம் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை நம்பி, ஊரில் பாதிப் பேரைச் சாலைக்கு அனுப்பியவர். "பதறாதீங்க, பிரேக் என்கிட்ட இருக்கு" என்று அவர் சொன்னால் கை நடுங்குகிறவருக்கும் நடுக்கம் நின்றுவிடும். அந்த வாக்கியம் எடுபடாத ஒரே ஆள் அவர் மனைவி. கற்றுக்கொள்ளப் போன முதல் வாரத்திலேயே நடுச் சாலையில் கதவைத் திறந்து இறங்கிவிட்டார். "ஸ்டியரிங் என் கையில, பிரேக் உங்க கால்ல. வண்டி எந்த ஜென்மத்துல நகரும்?" பிறகு மாஸ்டருக்குப் போட்டியான டிரைவிங் பள்ளியில் சேர்ந்து முதல் தடவையிலேயே உரிமம் வாங்கினார். அந்தப் பள்ளி இருக்கும் தெருவை மாஸ்டர் இன்றுவரை சுற்றிக்கொண்டுதான் போகிறார்.

வேலை இல்லாத நேரமெல்லாம் அவர் பின்னறையில்தான் இருப்பார். அங்கே அவரே கட்டிய சி.என்.சி. மெஷின் நிற்கிறது. கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்த கோட்டில் கட்டர் தானே நகர்ந்து மரத்தைக் குடையும். சட்டங்கள் அலுமினியம், மூலைகளும் மோட்டார் உட்காரும் இருக்கைகளும் த்ரீடி பிரிண்டரில் அச்சிட்ட சிவப்பு பிளாஸ்டிக். முதலில் நிற்கவைத்து அச்சிட்ட மூலை, திருகை இறுக்கியதும் ஏடு ஏடாகப் பிரிந்தது. "தப்பு அது மேல இல்ல, நான் நிக்க வெச்ச விதம்" என்று படுக்கவைத்து மறுபடி அச்சிட்டார். மெஷினின் நெற்றியில் ஒரு எல் போர்டும் தொங்குகிறது. "மாமா, இதுக்கு லைசென்ஸ் எப்ப?" என்று மைத்துனன் வரும்போதெல்லாம் கேட்பான்.

வயரிங்கிலும் சாலை விதிதான். மோட்டாருக்குப் போகும் தடித்த வயர்கள் ஒரு பக்கம், சுவிட்சுகளின் மெல்லிய வயர்கள் மறுபக்கம். "லாரி ஒரு லேன், சைக்கிள் ஒரு லேன். சேர்த்து விட்டா சைக்கிள்காரன் பயந்து தப்புத் தப்பா சிக்னல் காட்டுவான்." கட்டரைச் சுமக்கும் பாலத்தின் இரு முனையிலும் ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு மோட்டார்கள். இரண்டுக்கும் ஒரே மாதிரி இணைப்புக் கொடுத்த அன்று, ஒன்று முன்னேயும் மற்றது பின்னேயும் இழுத்துப் பாலம் கோணிக்கொண்டது. ஒன்றின் வயரை மாற்றிக் கொடுத்த பிறகுதான் சேர்ந்து நகர்ந்தன. "எதிரும் புதிருமா நிக்கிறவங்க ஒரே திசையில போகணும்னா யாராவது ஒருத்தர் மாத்திக்கணும்" என்று சொல்லிவிட்டு மனைவியைப் பார்த்தார். மனைவி மின்விசிறியைப் பார்த்தார்.

இதுவரைக்கும் எல்லாம் சரி. வினை, மாஸ்டரின் நாற்காலிக்குக் கீழே இருக்கிறது. ஓய்ந்துபோன பயிற்சிக் காரிலிருந்து கழற்றிய பிரேக் பெடலைத்தான் அவர் மெஷினின் அவசர நிறுத்தமாக வைத்திருக்கிறார். மிதித்தால் மின்சாரம் போய்விடும். வெள்ளோட்டம் விட்ட பலகைகள் எல்லாம் சுவரோரம் சாய்ந்து நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் 'தையல்' என்ற சொல். ஒவ்வொன்றிலும் ஏதோ ஓர் எழுத்தின் வளைவில் ஒரு படிக்கட்டு. கட்டர் வளைவில் வேகமாகத் திரும்பியதும் கால் மிதித்துவிடுகிறது. மறுபடி ஓடவிட்டால் விட்ட இடத்தில் ஒரு மயிரிழை விலகித்தான் தொடங்குகிறது. மெஷினில் குறையே இல்லை.

நாளைக்கு மனைவியின் தையல் கடை திறப்பு. வாசலில் மாட்டப்போகும் பெயர்ப் பலகைக்காக அவர் எடுத்துக் கொடுத்திருப்பது தம் முதல் தையல் மெஷினின் பக்கவாட்டில் விரித்து மடிக்கும் மரப் பலகை. அந்த மெஷினின் இரும்பையெல்லாம் பழைய இரும்புக் கடையில் போட்டபோதும் அதை மட்டும் கொடுக்க மனம் வரவில்லை. இது கெட்டால் வேறு கிடையாது. மாஸ்டர் அதைக் கவ்விகளில் இறுக்கினார். வகுப்பில் ஒருநாளும் பதறாத மனிதர், இறுக்கிய கவ்வியையே மறுபடியும் இறுக்கினார். அவருக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

"வேணும்னா நாளைக்கு வெறும் துணியில எழுதி மாட்டிக்கலாமா?" என்றார்.

"மெஷின் மேல எனக்கு நம்பிக்கை இருக்கு" என்றார் மனைவி, இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டபடி. "கால்தான் சந்தேகம். நான் மிதிச்சா ஓடும், நீங்க மிதிச்சா நிக்கும். இத்தன வருஷமா நம்ம குடும்பம் இப்படித்தான் போகுது."

மாஸ்டர் சிரிக்கவில்லை. குனிந்து பெடலைத் தூக்கி மனைவியின் நாற்காலிக்கு முன்னால் வைத்தார். "இந்தா. பிரேக் இனி உன்கிட்ட இருக்கு."

கட்டர் இறங்கியது. மரத்தூள் பறந்தது. 'தை' முடிந்தது. 'ய'வின் வளைவில் கட்டர் சட்டென்று திரும்ப, மாஸ்டரின் வலது கால் வெறும் தரையை ஓங்கி மிதித்தது. மெஷின் நிற்கவில்லை. வளைவு, வெண்ணெயில் விரல் விட்டதுபோல் வழுவழுவென்று வந்தது.

நிறுத்தாததற்கு நன்றி சொல்வது போலத் திரும்பி, மனைவியின் காலைப் பார்த்தார். பெடல் தனியாகக் கிடந்தது. மனைவி இரண்டு கால்களையும் நாற்காலியில் மடித்துப் போட்டுச் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். எப்போதிலிருந்து என்று மாஸ்டர் கேட்கவில்லை.

கட்டர் 'ல்'லை நோக்கி நகர்ந்தது. மாஸ்டர் செருப்பைக் கழற்றினார். இடது காலை மேலே மடித்துக்கொண்டார். பிறகு, இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி, வலது காலையும்.