இரண்டு விரலுக்கு ஒரு பெடல்

குணவதி பலகையைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார். தீப்பெட்டி அளவு மின்சுற்றுப் பலகை. முழுக்கத் துளைகள், மறுபக்கம் வரிசையாகச் செம்புக் கோடுகள். மின்சாரம் போகக்கூடாத இடங்களில் கோட்டை அறுக்க, டிரில் பிட்டை விரலாலேயே திருகிச் சுரண்டியிருக்கிறார். முடியளவு செம்பு ஒட்டியிருந்தாலும் கித்தார் ஊமையாகிவிடும். "அவசரப்பட்டா கோளாறுதான் லா," என்று பலகையிடமே சொல்கிறார்.

பினாங்குத் தீவில், சுங்கை பினாங் அடுக்குமாடியில் வீடு. பகலில் தொழிற்சாலையில் ஈயம் பற்றவைக்கும் வேலை. வீட்டில் செய்வது, கித்தார் ஓசையை மாற்றுவதற்குக் காலால் மிதிக்கிற பெடல். சின்னச் சின்ன சாமான்களெல்லாம் ஐஸ்கட்டித் தட்டில் கிடக்கும். ஐஸ் கேட்டால் கடைக்குப் போகச் சொல்வார். குணவதிக்குக் கித்தார் வாசிக்கத் தெரியாது.

வாசிப்பவர் கணவர் மோகனராஜ். கல்யாண விருந்துகளில் மெல்லிசை வாசித்தவர். போன வருஷம் பக்கவாதம் வந்தபின் இடது கையில் இரண்டு விரல்தான் சொன்னபடி கேட்கிறது. குழுவில் வேறு ஆள் சேர்ந்துவிட்டார். கித்தார் அலமாரிமேல் ஏறியது. "வித்துடு," என்றார் மோகனராஜ்.

"கெட்டுப்போற சாமானா? கெடக்கட்டும்."

வேலையிடத்துத் தோழி ஹுஸ்னா கைப்பேசியில் ஒரு காணொளி காட்டினாள். ஒருவன் இரண்டே விரலால் வாசித்தான். காலடியிலிருந்த பெட்டி அதைக் கூட்டமாக வாசிப்பதுபோல் ஆக்கியது. மறுநாளே குணவதி சாமான் வாங்கினார்.

முதல் பெடல் பேசவில்லை. இரண்டாவதை ஒலிபெருக்கியில் மாட்டியதும் ஒரு பெண் சயாம் மொழியில் பேசத் தொடங்கினாள். திறந்து கிடந்த பலகை தாய்லாந்து வானொலியைப் பிடித்திருந்தது.

"ஏய், சயாம்காரி பேசுறா லா! என்னத்த கட்டின நீ?"

நோய் வந்தபின் மோகனராஜ் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். கித்தாரை மாட்டினால் அவள் போவாளா என்று பார்க்க, அதை இறக்க அவரே நாற்காலியில் ஏறினார். குணவதி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

பலகையைப் பிஸ்கட் டின்னுக்குள் அடைத்ததும் சயாம்காரி அடங்கினாள். மோகனராஜ் இரண்டு விரல் வைத்துக் கம்பியை மீட்டினார். முகம் சுளித்தார்.

"இது பாடல, கத்துது."

"கத்தட்டும். நீங்க ரெண்டு வெரல வைங்க, மிச்சத்த அது பாத்துக்கும்."

மறுபடி மீட்டினார். அன்று சோறு ஆறிப்போனது.

போன ஞாயிறு, கடல் தாண்டிப் பட்டர்வொர்த்தில் பழைய குழுவின் ஒத்திகை. "சும்மா வந்து பாருங்கண்ணே," என்று குழுத் தலைவர் நல்லமுத்து கூப்பிட்டிருந்தார். ஃபெரியில் மோகனராஜ் பெடலை மடியிலேயே வைத்திருந்தார். முதல் பாட்டில் அவர் பெடலை மிதித்ததும் நல்லமுத்து திடுக்கிட்டுத் திரும்பினார்.

"அண்ணே, கொஞ்சம் கொறைங்க லா! பாட்டே கேக்கல."

மோகனராஜின் விரல்கள் கம்பியை விட்டன.

பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த குணவதி, வலது காலைச் செருப்பிலிருந்து எடுத்தார். கால் கட்டைவிரலால் பெடலின் குமிழைத் திருகினார், கூட்டுகிற பக்கமாக.